மூன்று புளோக்குக்கு ஒரு கையெழுத்து: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஜெலுத்தோங்வாசி

டிங்கி (டெங்குக் காய்ச்சல்) நேரத்தில் ஒரு பிளாட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் இடத்தில் இரண்டு வாரத்துக்குள் மூன்று பேருக்குக் காய்ச்சல். மூன்றாவது, என் எதிர்வீட்டுப் பையன். நான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் என்பதால் புகை அடிக்க வந்தவர்கள் என்னைத்தான் தேடி வந்தார்கள். குத்தகைக்காரரின் ஆட்கள், இரண்டே பேர்.

ஏ புளோக்கை முடித்து பி பக்கம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மெஷினை அணைத்து வேனில் ஏற்றினார்கள். அப்புறம் ஒரு தம்பி தலையெல்லாம் நனைந்து மாடிப்படியில் ஓடி வந்து ஒரு தாளை நீட்டினார். ஏ, பி, சி மூன்றுக்கும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டுமே எழுதியாகிவிட்டது. "சைன் போடுங்கக்கா, மிச்சத்த நாளைக்கு வந்து அடிச்சிடுறோம்." தாளில் தண்ணீர் சொட்டி சி புளோக்கின் நேரம் கலங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் யாரும் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. பத்து நாள் கழித்து சி புளோக்கில் ஒரு பாட்டியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீடு திரும்பிவிட்டார். புகை அடித்திருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் குத்தகைக்காரர் மூன்று புளோக்குக்கும் ஊராட்சி மன்றத்திடம் பணம் கேட்க என் கையெழுத்து போதும். செய்யாத வேலைக்குப் போகிற அந்தப் பணத்தை யார் பார்க்கிறார்கள்? நான் துடைத்த அந்த இடம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வருகிறது.

பட்டர்வொர்த் பெரியவர்

தங்கச்சி, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். நான் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். புகை, பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டை காய்ந்த வாளியின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மழை பட்டால் பொரிக்கும். பொரித்த ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். அதனால்தான் ஒரு வாரம், பத்து நாள் விட்டு இரண்டாம் தடவை அடிப்பது.

என் அனுபவம் ஒன்று. புகை கேட்டு நாலு மனு போட்டவர் வீட்டிலேயே, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் டார்ச் அடித்தேன். புழு நெளிந்தது. அந்த அம்மாவின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் மகளே அப்போது மருத்துவமனையில். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் அபராதச் சீட்டு எழுதியாக வேண்டும். எழுதினேன்.

எல்லோரும் இதைக் கவனியுங்கள். வாரத்தில் பத்து நிமிடம் போதும். பூச்சாடித் தட்டு, சாமி மேடையில் இருக்கும் பூக்கிண்ணம், குளியலறைத் தொட்டி, ஏர்கண்டிஷன் தண்ணீர் விழும் இடம், கூரைக் கால்வாயில் அடைத்த இலை. கொட்ட முடியாத தண்ணீரில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடுங்கள். தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்க்க வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். மாலையில் குழந்தைகளுக்கு நீளக்கை சட்டை போடுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டுவிட்டது என்று பள்ளிக்கு அனுப்பாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் உடனே போய்விடுங்கள்.

செந்தூல் மகள்

ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அக்கா கேட்டது கொசுவைப் பற்றி இல்லை. செய்யாத வேலைக்குப் போகிற பணத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறார். பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தால் அதற்குப் பதில் கிடைக்குமா?

எங்களுக்கு எலி. குப்பை அறைக் கதவு உடைந்து மாதக்கணக்காகிறது. கீழ்வீட்டு அண்ணனுக்கு எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு கலந்துரையாடலுக்குப் போனேன். எழுந்து கேட்டேன். மேசையில் இருந்த அதிகாரி கோப்பைப் புரட்டி, நிமிர்ந்து, மலாயில் பொறுமையாகக் கேட்டார்: "இது எந்த ஒதுக்கீட்டில் வருவது? கட்டடப் பராமரிப்பா, துப்புரவா, சுகாதாரமா?" கையில் மைக் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு எப்படித் தெரியும்? பின்வரிசையில் யாரோ "உட்காரும்மா" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

பினாங்கில் உங்களுக்கு ஊராட்சி மன்றத்தில் நியமன உறுப்பினராவது இருக்கிறார். கோலாலம்பூரில் அதுவும் இல்லை. டத்தோ பண்டார் என்கிற மேயரும் ஓர் ஆலோசனைக் குழுவும்தான், எல்லாம் நியமனம். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

தண்ணீர்மலை அடிவாரம்

நியமன உறுப்பினர் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள் தங்கச்சி. ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்த பிறகு மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் அதிகபட்சம் 24 உறுப்பினர். நம் வீதி ஆளுக்கு ஓட்டுப் போட்டு அனுப்ப வழியில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு முழுக்கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்கிறது, மன்றமே வேண்டாம் என்று தீர்மானித்தால் ஒழிய. ஒரு தடவை போனேன். பார்வையாளர் இருக்கையில் நானும் இன்னொருவரும்தான். சுகாதாரக் குழு அறிக்கை என்று பக்க எண்ணைப் படித்தார்கள், ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், அடுத்த பக்கம். நான் கண்ணாடியைப் போட்டு முடிப்பதற்குள் தாண்டிவிட்டது. பேச்செல்லாம் குழுக் கூட்டத்தில் முடிந்துவிடுகிறது. குழுக் கூட்டம் நமக்குத் திறந்ததில்லை, அவர்களாகத் தீர்மானித்துத் திறந்தால்தான்.

ஜெலுத்தோங் தங்கச்சி, நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில், அன்று நடந்ததை நீங்களே எழுதிக் கொடுங்கள்: தேதி, மழை வந்த நேரம், எந்தப் புளோக் விட்டுப்போனது, நீங்கள் கையெழுத்திட்டது உட்பட. மறைத்தால் பிறகு உங்கள் மேல்தான் திரும்பும். நகலில் முத்திரை குத்தி வாங்குங்கள். அடுத்தது, பினாங்கில் 2010-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குத்தகையின் நிபந்தனையையும் உங்கள் பிளாட்டுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கையும் கேட்டு மனுப் போடுங்கள். "எங்களுக்கு நியாயம் வேண்டும்" என்று எழுதாதீர்கள், என்ன தாள் வேண்டும் என்று எழுதுங்கள். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாக வரும். மன்றக் கணக்கைத் தணிக்கை செய்வது தலைமைக் கணக்காய்வாளரின் பொறுப்பு, ஆனால் சி புளோக்கில் அன்று மழை பெய்தது அவர்கள் கோப்பில் இருக்காது. அது உங்களிடம்தான் இருக்கிறது. இன்னொன்று, டிங்கி என்று தெரிந்தால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஒரே இடத்தில் 14 நாளுக்குள் ஒன்றுக்கு மேல் வந்தால் அது பரவல் என்று கணக்கு. உங்கள் மூன்று பேரும் அதில் வருகிறார்கள். அந்தத் தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

பட்டர்வொர்த் பெரியவர்

செந்தூல் மகளே, கோபம் நியாயம்தான். நான் வேலையில் இருந்தபோது இப்படிப்பட்ட தாள்கள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன், அடுக்கி வைப்பேன். மழை பெய்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செந்தூல் மகள்

இதைச் சொன்னதற்கு நன்றி ஐயா. தண்ணீர்மலை அண்ணா, பினாங்கின் அந்தத் தகவல் சட்டம் எங்களுக்குப் பொருந்தாதே. கோலாலம்பூர் மாநிலம் இல்லை, மத்திய அரசின் கீழ் உள்ள கூட்டரசுப் பிரதேசம். இருந்தாலும் அடுத்த கலந்துரையாடலுக்கு எலி, குப்பை அறை என்று மூன்று பிரிவுக்கும் மூன்று கடிதமாக எழுதிப் போகிறேன். எந்த ஒதுக்கீடு என்று என்னைக் கேட்க முடியாது.

ஜெலுத்தோங்வாசி

நேற்றிரவு பழைய கோப்பில் தேடினேன். தாளின் கார்பன் நகல் என்னிடமே இருக்கிறது. சி புளோக் நேரம் நான் துடைத்ததில் பாதி அழிந்திருக்கிறது, கீழே என் பெயர் தெளிவாக இருக்கிறது. பாட்டியின் மகனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கடிதம் எழுதுங்கக்கா, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார். திங்கட்கிழமை இருவரும் போகிறோம்.