தாத்தா இத்தாலிக்குப் போன கப்பலை எப்படிக் கண்டுபிடிப்பது?

உத்திரமேரூர் பேரன்:
அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் '11 ஃபீல்டு பார்க் கம்பெனி' என்று இருக்கிறது. ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இரண்டு பதக்கங்களும் வீட்டில் உள்ளன. பம்பாயில் கப்பல் ஏறி இத்தாலியில் இறங்கியதாகச் சொல்வாராம். சுற்றிலும் ஏகப்பட்ட கப்பல்கள். ராத்திரி மேல்தளத்தில் பீடி பற்ற வைத்தால், எதிரிக்கு வெளிச்சம் தெரிந்துவிடும் என்று ஹவில்தார் அடிக்கவே வந்துவிடுவாராம். கப்பல் பெயர் ரஜுலா என்கிறார் பெரியம்மா. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் மலேயா போனவர்கள் கதைதான் வருகிறது. எந்தக் கான்வாய், அதாவது எந்தக் கப்பல் கூட்டம், என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பழைய சாப்பர்:
தம்பி, கப்பலை ஓரமாக வையுங்கள், கம்பெனியைப் பிடியுங்கள். நம் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் கப்பல் என்றால் ரஜுலாதான். 1926இல் கட்டியது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடியது. போரில் அதுவும் துருப்புகளை ஏற்றியது, அதனால் பெரியம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது.

ஆனால் பதக்கங்களைப் பாருங்கள். ஆப்பிரிக்கா ஸ்டாருக்கு 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் அந்தக் களத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவர் கடல் கடந்தது ஒரு தடவை இல்லை. முதலில் பம்பாயிலிருந்து சூயஸ் பக்கம், அப்புறம் மத்தியதரைக் கடலைத் தாண்டி இத்தாலி. வீட்டுக் கதையில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. 11ஆம் கம்பெனி 4ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷன் 1943 டிசம்பர் வாக்கில் இத்தாலியின் டாரண்டோ துறைமுகத்தில் இறங்கியது. பீடிக் கதை எந்தப் பயணத்தில் நடந்தது என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். குளிர் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் இரண்டாவதுதான்.

காஞ்சிக்காரன்:
அதே 11ஆம் கம்பெனியா! எங்கள் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கம் சுபேதார் சுப்பிரமணியன் அதில்தான் இருந்தார். 1944 பிப்ரவரி 24, இத்தாலியின் மிக்னானோ. கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருதைக் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா அவரைப் பற்றி ஏதாவது பேசியிருக்கிறாரா?

உத்திரமேரூர் பேரன்:
சுபேதார் ஒருவர் செத்தது பற்றி அழுதிருக்கிறாராம், பெயர் யாருக்கும் நினைவில்லை. சரி, கம்பெனியைப் பிடிக்க லண்டன் போகணுமா?

பழைய சாப்பர்:
வேண்டாம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் லண்டனின் கியூ பகுதியில் இருக்கிறது. கம்பெனிகளின் போர் நாட்குறிப்புகள் அங்கே உள்ளன: டபிள்யூ.ஓ. 169, டபிள்யூ.ஓ. 170 என்ற இரண்டு ஆவண வரிசைகளிலும் பாருங்கள். கம்பெனி பெயரும் வருடமும் போட்டு அட்டவணையில் தேடி, பணம் கட்டினால் நகல் அனுப்புவார்கள். எங்கே, என்றைக்குக் கப்பல் ஏறினார்கள் என்பதை அதில் பாருங்கள். தேதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆர்னல்டு ஹேக் தொகுத்த கான்வாய்ப் பட்டியல் இணையத்தில் இலவசம். அந்தத் துறைமுகத்திலிருந்து அந்த நாளில் கிளம்பியவற்றைப் பாருங்கள். கப்பல் பெயர் தேறினால், அது எப்போது எங்கே போனது என்று குறித்த நடமாட்ட அட்டை அதே காப்பகத்தின் பி.டி. 389 வரிசையில் இருக்கும். ரஜுலா அட்டையையும் எடுத்துப் பாருங்கள், பெரியம்மாவுக்காக.

மதராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்); பெங்களூரில் அதன் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ராணுவ எண், தந்தை பெயர், கிராமம், பழைய தாலுகா பெயர் எல்லாம் எழுதுங்கள். எண் இல்லாமல் தேடுவது கஷ்டம். சர்டிபிகேட்டில் அழிந்திருந்தால் பதக்கத்தில் பாருங்கள், இந்தியாவில் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள்.