ஜெர்சி இல்லாதவர்களின் ஐந்து மணி ஆட்டம்

பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்களுக்குக் கோப்பை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, குழுப்படம் இருக்கிறது. நான் கேட்பது மற்றவர்களை. தேர்வுக்குப் பெயரே கொடுக்காதவர்கள், கொடுத்தும் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள், வயது கடந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையில் படித்த காலத்தில் சாயங்காலம் எங்கே, எதை, யாரோடு ஆடினீர்கள்? எழுதுங்கள். முதலில் என் பங்கு.

அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருந்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த தென்கோடிக் கல்லூரிகளுக்காக 1990இல் தொடங்கிய பல்கலைக்கழகம். பேட்டையைத் தாண்டி, தென்காசி சாலையில் வெட்டவெளியில் இருக்கிறது. சுற்றிலும் உடைமரம், மயில், மேற்கே மலை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆட வயது 25ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. முதுகலை முடித்து, ஒன்றிரண்டு வருடம் எங்காவது பாடம் நடத்திவிட்டு ஆய்வுக்கு வருகிறவன் சேரும்போதே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறான். ஆகவே நாங்கள் யாரும் அணியில் இல்லை. இருக்கவும் முடியாது. அதனால் கிடைத்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது: எங்களை யாரும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை, எனவே யாரும் கழித்துவிடவும் முடியாது.

நாங்கள் ஆடியது பூப்பந்து. இறகுப்பந்தோடு குழப்பிக்கொள்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இது கம்பளி நூலில் செய்த மஞ்சள் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களம், திறந்த வெளி. முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எப்படி இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்று ஒருவர் ஆய்வே செய்யலாம். பெரிய செலவு இல்லாதது ஒரு காரணமாக இருக்கும்.

எங்களுக்குப் பிரச்சினை காற்று. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வருகிற மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் புழுதியை மட்டும் மிச்சம் வைக்கும். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். முப்பது கிராமுக்குள் இருக்கும் கம்பளிப் பந்தைப் பற்றி என்ன சொல்ல? களத்தை வழக்கப்படி வடக்கு தெற்காகப் போட்டிருந்தோம். அதுதான் முறை, சாயங்கால வெயில் யார் கண்ணிலும் விழாது. ஆனால் காற்று குறுக்கே அடித்தது. கோட்டுக்குள் விழவேண்டிய பந்து ஒரு முழம் கிழக்கே நகர்ந்து வெளியே விழும். அடித்தவன் “உள்ளே” என்பான், எதிரணி “வெளியே” என்பான். ஆட்டத்தைவிட வாக்குவாதம் நீண்டது.

எங்களோடு ஆடிய அலுவலக ஊழியர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மரச்சட்ட பேட் காலத்து ஆட்டக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் கம்பத்தைப் பிடுங்கச் சொன்னார். ஆடி முடியும்வரை களம் கிழக்கு மேற்காக இருக்கட்டும் என்றார். காற்று நீளவாக்கில் அடித்தால் இரண்டு பக்கமும் கணக்குப் போட முடியும், குறுக்கே அடித்தால் கடவுள்கூடக் கணக்குப் போட முடியாது என்பது அவர் வாதம். வெயில் கண்ணில் அடிக்குமே என்று கேட்டோம். “தம்பி, வெயில் ஆறு மணிக்குப் போய்விடும். காற்று போகாது” என்றார்.

சுண்ணாம்புக் கோட்டை மறுபடி போட்டோம். அதன் பிறகுதான் அண்ணாச்சியின் ஆட்டம் புரிந்தது. காற்று முதுகில் இருக்கும் பக்கம் நின்றால் ஓங்கி அடிக்கவே கூடாது, அடித்தால் பந்து கடைக்கோட்டைத் தாண்டிப் போய்விடும். தட்டி, வலையை ஒட்டி இறக்க வேண்டும். காற்றை எதிர்த்து நிற்கும் பக்கம்தான் வசதியானது. எவ்வளவு பலமாக அடித்தாலும் காற்று பிடித்து உள்ளேயே போட்டுவிடும். புதிதாக வருகிறவர்கள் டாஸில் ஜெயித்தால் ஓடிப்போய் மேற்கே நின்றுகொள்வார்கள், காற்று தங்களுக்கு உதவும் என்று. அண்ணாச்சி ஒன்றும் சொல்லமாட்டார். சிரிக்கவும் மாட்டார்.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுப் பந்து இறுக்கமாக, வேகமாக வரும். சில சாயங்காலம் ஆடியதும் நூல் பிசிறு கிளம்பும். அப்புறம் அது காற்றில் நிற்கும், கிறங்கும், சொன்ன இடத்துக்கு வராது. அண்ணாச்சி சட்டைப்பையில் பாதி பிளேடு ஒன்றைத் தீப்பெட்டிக்குள் வைத்திருப்பார். ஆட்டத்துக்கு முன்னால் படியில் உட்கார்ந்து பந்தைச் சுற்றிச் சுற்றிப் பிசிறைச் சிரைத்துக் கொடுப்பார். சாரல் நனைத்த பந்து என்றால் தொடவே மாட்டார். ஈரக் கம்பளி கல்லாகிவிடும் என்று ஜன்னலில் காயவைத்துவிட்டு எல்லோரையும் டீக்கு அழைத்துப் போய்விடுவார். தோற்ற அணி டீ வாங்க வேண்டும், ஆமவடை அவரவர் கணக்கு. இந்தச் சட்டம் எங்களுக்கு முன்பே யாரோ போட்டுவைத்தது. நாங்களும் மாற்றவில்லை.

ஆட்டம் எப்போது முடியும் என்பதை 35 புள்ளி தீர்மானித்ததே இல்லை. ஆலங்குளம் பக்கமிருந்து வருகிற பஸ் தீர்மானித்தது. பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் ஜங்ஷன் போகிறவர்கள் பேட்டைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஐவர் அணி மூவர் ஆகும். மிச்சமிருப்பவர்கள் களத்தைப் பாதியாக்கி இருட்டும்வரை ஆடுவோம்.

——

கோவில்பட்டியிலிருந்து ஒருவர்:

எங்கள் விடுதியில் ஊரைச் சொன்னால் ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். காயல்பட்டினம் என்றால் கால்பந்து. உவரி, இடிந்தகரைப் பிள்ளைகளும் கால்பந்துதான், ஆனால் வெறுங்காலில். நாங்குநேரி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்றால் கபடி. நான் கோவில்பட்டி என்றதுமே “ஸ்டிக் கொண்டுவந்தாயா?” என்று கேட்டார்கள். கொண்டுவந்திருந்தேன். ஆட ஆள் இல்லை.

எங்கள் ஊரில் ஹாக்கி தெரியாதவனைத் தேட வேண்டும். எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார், அரியலூர்க்காரர் கார்த்தியும் எங்கள் ஊர் விடுதியில் பயிற்சி பெற்று அதே அணியில் ஆடினார். அந்த ஊரிலிருந்து வந்தவன் கல்லூரியில் ஒற்றை ஸ்டிக்கோடு சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கால்பந்துக்காரர்களோடு ஒப்பந்தம்: அவர்கள் எனக்கு ஒரு மணி நேரம் கோல்கீப்பர் நிற்பார்கள், நான் அவர்களுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஸ்டிக் இல்லாத குறைக்குத் தென்னை மட்டை. தென்னை மட்டையால் ஹாக்கி ஆடலாம், அடிப்பக்கம் வளைவைப் பார்த்து வெட்ட வேண்டும். ஆனால் பந்தை நிறுத்தும்போது கை உதறும், மட்டைக்கு ஆயுள் நாலு நாள். மூன்றாம் வருடம் முடிவதற்குள் காயல்பட்டினத்து நண்பன் ஸ்டிக்கால் என்னைவிட நன்றாகப் பந்தை உருட்டிக்கொண்டு போனான். அது இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

——

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்த ஒருவர்:

நீங்கள் எல்லோரும் ஐந்து மணி என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு ஆறு மணிக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். ஆய்வகம் நாலரைக்கு முடியும். முகம் கழுவி, டீ குடித்து, மைதானத்துக்குப் போனால் அங்கே ஏற்கெனவே பையன்கள் கிரிக்கெட். இருபாலரும் படித்த கல்லூரி அது, பெயர் வேண்டாம். மைதானம் எல்லோருக்கும் பொது என்று அறிவிப்புப் பலகையில் இருந்தது. உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டபோது, “காலையில் ஆடிக்கொள்ளுங்களேன் அம்மா” என்றார். காலையில் தண்ணீருக்கு வரிசை நிற்போமா, ஆடுவோமா?

ஆகவே மெஸ்ஸுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் வளையப்பந்து ஆடினோம். முறையான வலை ஆறடி உயரம் இருக்க வேண்டும், அதாவது 1.83 மீட்டர். துணிக்கொடியும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் கட்டியிருந்தார்கள். கொடியில் போர்வை காய்ந்தால் வலை ரெடி. போர்வை இல்லாத நாளில் வளையம் கொடிக்கு மேலே போனதா கீழே போனதா என்று சண்டை வரும், அதனால் அன்றைக்கு யாராவது ஒருத்தி துவைத்தே ஆகவேண்டும் என்று முறை வைத்தோம். வார்டன் அக்கா எங்கள் சுத்தத்தைப் பாராட்டினார்.

வளையப்பந்தில் ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும். இரண்டு கை பட்டால் தவறு. ரப்பர் வளையம் மணிக்கட்டில் இறங்கும்போது அறைந்த மாதிரி இருக்கும். பருவத்தேர்வு நேரத்தில் வலது கை விரல் வீங்கி, இடது கையால் ஆடக் கற்றுக்கொண்ட தோழி ஒருத்தி இருந்தாள். அவள் இடது கையால் எறிந்தால் வளையம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. கல்லூரி அணிக்கு அவளைக் கேட்டார்கள். வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. அவள் போகவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் கோபம் வருகிறது.

முதல் பதிவை எழுதியவருக்கு ஒன்று: யாரும் கழித்துவிட முடியாது என்பது மைதானத்துக்குள் நுழைய முடிந்தவர்களின் நிம்மதி.

——

அம்பாசமுத்திரம்:

நான் ஒன்றும் ஆடவில்லை. செங்கோட்டை ரயிலைப் பிடித்தேன். பெட்டிக்குள் சீட்டாட்டம் கணக்கில் வருமா?

சனிக்கிழமைகளில் மட்டும் வ.உ.சி. மைதானத்தில் கிரிக்கெட். தெரியாதவர்களுக்கு: அங்கே ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கும். நம் கவர் திசையில் நிற்பவன் இன்னொரு ஆட்டத்தின் மிட்விக்கெட். பந்து வந்தால் மரியாதைக்காகப் பிடித்து எறிவான், சில சமயம் கேட்ச் பிடித்துவிடுவான். அவன் பிடித்தால் அவுட்டா இல்லையா என்பதற்கு ஆட்டம் தொடங்கும் முன்பே இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

——

நாங்குநேரிப் பக்கம்:

வயது வரம்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு எடை வரம்பு. ஆண்கள் கபடியில் 85 கிலோவுக்கு மேல் போனால் களத்தில் இறங்க முடியாது. விடுதிச் சாப்பாட்டை எல்லோரும் குறை சொல்லிக்கொண்டே இளைத்தார்கள், நான் குறை சொல்லிக்கொண்டே ஏறினேன். தேர்வுக்கு முந்தைய வாரம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, வெயிலில் ஓடியும் பார்த்தாயிற்று. எடை மெஷின் மசியவில்லை.

எங்கள் பக்கத்தில் கபடி என்றால் மணத்தி கணேசன் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்பார்கள். 1995இல் அர்ஜுனா விருது பெற்றவர். ஊரில் கோயில் கொடை என்றால் விடியவிடியக் கபடி உண்டு. ஆனால் ஊரில் அணி என்பது தெரு. எந்தத் தெருக்காரன் எந்தத் தெருக்காரனைப் பிடித்து இழுத்தான் என்பது ஆட்டம் முடிந்த பிறகும் முடியாது, மறுநாள் டீக்கடை வரைக்கும் வரும். விடுதியில் அது இல்லை. அறை எண் ஒற்றைப்படை ஓர் அணி, இரட்டைப்படை ஓர் அணி. நான் இரட்டைப்படையின் வலது கார்னர். ஆற்று மணல் கிடைக்காமல், கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த எம்சாண்டைப் பரப்பி ஆடினோம். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. ஒருமுறை என் கணுக்காலை ஒருவன் பிடித்துத் தூக்கினான், மெலிந்த பையன், வேதியியல் படித்தவன். நான் விழுந்த சத்தத்தில் மெஸ்ஸில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஊரில் நாங்கள் இருவரும் ஒரே மணலில் இறங்கியிருக்க மாட்டோம். அதை அவனும் நானும் அன்று பேசிக்கொள்ளவில்லை. அவன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்போது எத்தனை கிலோ?” என்றுதான் கேட்டான்.

——

மறுபடியும் அபிஷேகப்பட்டி:

சகோதரி எழுதியதற்குப் பதில் சொல்ல முயன்றேன், அவர் சொன்னது சரி என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. எங்கள் பத்துப் பேரில் ஆய்வு மாணவிகள் யாரும் இல்லை. துறையில் பாதிப் பேர் அவர்கள்தான்.

அம்பாசமுத்திரத்துக்காரருக்கு: சீட்டாட்டம் கணக்கில் வராது. ஓடும் ரயிலில் ஏறியது வரும்.

பூப்பந்து எப்போது ஆடலாம் என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆடி, ஆவணி வேண்டாம், வீண். புரட்டாசியில் காற்று தணிந்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கிடைக்கும் சில வாரங்கள்தான் நல்ல காலம். அதன் பிறகு தை பிறந்தால் பங்குனி வரை தடையில்லை. காலை ஆறரைக்கு முன் தொடங்க வேண்டும். பேட் இரண்டு கூடுதலாக என்னிடம் இருக்கிறது, பெண்கள் வந்தால் முதல் ஆட்டம் அவர்களுக்கு. பந்து மட்டும் யாராவது வாங்கி வாருங்கள், கடையில் அழுத்திப் பார்த்து இறுக்கமானதாக.