பசங்க அடி வாங்குறத, பயந்து நிக்கிறத நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? நம்ம ஏரியா அனுபவம் சொல்லுங்க

வியாசர்பாடி டியூஷன் அக்கா:
ரொம்ப நாளா மனசுல கெடக்கு, சொல்லிடுறேன். ஹவுசிங் போர்டுல சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன். மூணாவது படிக்கிற பையன் ஒருத்தன், எப்பவும் செவுத்துல சாஞ்சு தூங்கி வழியுறவன், அன்னிக்கு முதுகு எதுலயும் படாம வெறச்சுக்கினு ஒக்காந்திருக்கான். நோட்டு வாங்க கிட்ட போனேன், நான் வாயே தொறக்கல, அதுக்குள்ள "மாடிப்படில விழுந்துட்டேன்கா"ங்குறான். சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு. தூக்கிப் பாத்தா ஒயர மடிச்சு அடிச்ச தடம், மடிச்ச வளைவு கூட தெரியுது. கொழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு போன் போட்டேன். வந்தாங்க, பையன்கிட்ட தனியா பேசுனாங்க, குழந்தைகள் நலக் குழு முன்னாடி கூட்டிட்டு போனாங்க, இப்ப ஆயா வீட்ல இருந்து ஸ்கூலுக்கு போறான். அவங்கம்மா என்னப் பாத்தா மூஞ்சிய திருப்பிக்கிறாங்க, பரவால்ல. ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே பதில் ரெடியா வச்சிருந்தான் பாருங்க, எத்தன பேர்கிட்ட சொல்லி பழகியிருப்பான்.

தண்டையார்பேட்டை ஆட்டோ:
அக்கா தப்பா நெனைக்காதீங்க, எடுத்தவுடனே 1098 அடிச்சா குடும்பம் செதறிடும், மொதல்ல வூட்ல பேசணும். நான் ஸ்கூல் ட்ரிப் அடிக்கிறேன். ஒரு பாப்பா, அது வூடுதான் ஃபர்ஸ்ட்டு வரும், ஆனா "என்ன லாஸ்ட்டா எறக்கி வுடுண்ணா"ன்னு டெய்லி கேக்கும். ஒருநாள் வூட்டாண்ட வண்டிய நிறுத்துனா கம்பிய புடிச்ச கைய எடுக்கவே மாட்டுது, வெரலெல்லாம் வெளுத்துப் போச்சு. வாசல்ல சித்தப்பங்காரன் நிக்கிறான். அவங்கம்மாக்கு காசிமேட்ல மீன் வியாபாரம். வண்டிய திருப்பி நேரா அங்க இட்டுகினு போய் சொன்னேன், கூடைய அப்டியே போட்டுட்டு வந்து அன்னிக்கே அந்தாள தொரத்திட்டாங்க. போலீசு கேசு இல்லாம முடிஞ்சுது. இப்ப வாத்தியார் ரெண்டு அடி வச்சா கூட கேசுங்கறாங்க, நாங்கல்லாம் அடி வாங்கித்தான் வளந்தோம்.

பெரம்பூர் அம்மா:
ஆட்டோ அண்ணா, அந்த பாப்பா கைய கவனிச்சீங்களே, அதுக்கு கையெடுத்து கும்பிடுறேன். ஆனா முடிஞ்சுதுங்கறீங்களே, என்ன முடிஞ்சுது? அந்தாள் இப்ப வேற யார் வீட்லயோ தான இருக்கான், அங்க கொழந்தை இருக்காதா? என் பொண்ணு படிச்ச ஸ்கூல்லயும் இதேதான், பேர் வேணாம், ஒரு பி.டி. சார பத்தி ஒரு பொண்ணு சொன்னதுக்கு மன்னிப்பு லெட்டர் வாங்கிட்டோம் விட்ருங்கன்னாங்க. அந்த பொண்ணோட அப்பா லெட்டர் ஜெராக்ஸ கையில வச்சு மடிக்கிறாரு பிரிக்கிறாரு மடிக்கிறாரு, மீட்டிங் முடியற வரைக்கும்.

கொழந்தைங்கள பாலியல் கொடுமைல இருந்து காப்பாத்துற போக்சோ சட்டம் 2012ல வந்துச்சு, அதுல 19வது பிரிவு, விஷயம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், பேசி முடிக்கிறதுக்கு எடமே இல்ல. ஸ்கூல் நடத்துறவங்க மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பாங்கன்னு பயப்படாதீங்க, கொழந்தை வீட்லயே வாக்குமூலம் வாங்கலாம், யூனிஃபார்ம் போடாமதான் வரணும், முடிஞ்ச வரைக்கும் லேடி எஸ்.ஐ., ராத்திரி கொழந்தைய ஸ்டேஷன்ல வைக்கவே கூடாது. கொழந்தை பேரு, போட்டோ, ஸ்கூல் பேரு பேப்பர் டிவில வரக்கூடாது. அப்பறம் கொழந்தை வாய தொறந்து சொன்னா மாமாகிட்ட சொல்லு பாட்டிகிட்ட சொல்லுன்னு நிக்க வச்சு கேக்காதீங்க, அது சொன்ன வார்த்தைய அப்டியே எழுதி வைங்க, அன்னிக்கு போட்டிருந்த துணிய தொவைக்காதீங்க. வாத்தியார் அடிக்கறதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு, அடிக்கவும் கூடாது, மனசு நோக வைக்கவும் கூடாது. ஸ்கூல் விஷயத்த கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417லயும் சொல்லலாம்.

திருவொற்றியூர்:
என்னோடது அடி கேஸ் இல்ல. பக்கத்து போர்ஷன்ல வெளிய பூட்டு, உள்ள ஆறு வயசு பொண்ணும் ஒரு சின்னதும். ஜன்னல் கம்பி வழியா பால் பாக்கெட்ட நீட்டி "ஆன்ட்டி இத கட் பண்ணி குடுங்க"ங்குது, பல்லால கடிச்ச அடையாளம் மூலையெல்லாம். அவங்கம்மா கெட்டவங்க இல்லங்க, புருஷன் செத்துட்டாரு, எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை, பாத்துக்க ஆளில்ல. சின்னத பால்வாடில சேத்தோம், மத்தியானத்துக்கு மேல எங்க வீட்ல இருக்கும். எல்லா வீட்டுக்கும் போலீஸ் தேவப்படாது, ஆனா யாராவது கதவ தட்டணும்.

தண்டையார்பேட்டை ஆட்டோ:
பெரம்பூர் அம்மா சொன்னது ரோசனையாதான் இருக்கு. 1098ல சொன்னா நம்ம பேரு வெளிய வருமா?

வியாசர்பாடி டியூஷன் அக்கா:
என் பேரு கேட்டாங்க, வெளிய சொல்லாதீங்கன்னேன், சொல்லல. அவங்கம்மா அவங்களா யூகிச்சதுதான். நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் போட முடியாதுன்னு போக்சோ சட்டத்துலயே இருக்கு. போன் ஃப்ரீ தான், ராத்திரில கூட எடுப்பாங்க. அந்த சித்தப்பன் இப்ப எங்க இருக்கான்னு அவங்கம்மாகிட்ட கேளுங்கண்ணா.