அபியானேயில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஈரானில் காஷானில் தங்கியிருந்தபோது ஒரு நாள் அபியானே போய் வந்தேன். ஏப்ரல் மாதம். நீங்கள் யாராவது வேறு பருவத்தில் போயிருந்தால் கட்டாயம் எழுதுங்கள், ஏன் கேட்கிறேன் என்று கடைசியில் புரியும்.

ஊர் இருப்பது இஸ்ஃபஹான் மாகாணம், நதன்ஸ் மாவட்டத்தில். கர்கஸ் மலைச்சரிவு, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். காஷானில் வெறும் சட்டையோடு வண்டி ஏறியவன், அங்கே இறங்கியதும் நடுங்கினேன். வீடுகள் அத்தனையும் சிவப்பு மண். கீழ் வீட்டுக் கூரைதான் மேல் வீட்டுக்கு முற்றம்.

2006 கணக்கெடுப்பில் 160 குடும்பம், 305 பேர். முன்பே படித்திருந்தேன், சின்ன ஊர் போலிருக்கிறது என்று நினைத்ததோடு சரி. சந்துக்குள் நடக்கும்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லையே! ஒரு மரக்கதவில் தட்டுவதற்கு இரண்டு இரும்பு தொங்கின. ஆண்களுக்குக் கனத்த கட்டை, பெண்களுக்கு வளையம். சத்தத்தை வைத்தே வந்திருப்பது யாரென்று உள்ளே தெரிந்துவிடுமாம். இரண்டுக்கும் நடுவில் துருப்பிடித்த பூட்டு.

சந்து முனையில் ஒரு பாட்டி உலர்ந்த ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்தார். சிவப்புப் பூப்போட்ட வெள்ளை முக்காடு, கொசுவம் வைத்த பாவாடை. பக்கத்து வீட்டுப் பாட்டியோடு அவர் பேசிய அபியானே மொழி, பாரசீகம் பேசும் எங்கள் டிரைவருக்கே பிடிபடவில்லை. டிரைவர் மூலமாக, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். ஐந்து, எல்லோரும் தெஹ்ரானில். பிறகு அவர் என்னைக் கேட்டார்: "உன் அம்மா எங்கே இருக்கிறார்?" ஊரில் என்றேன். "தனியாகவா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் இன்னொரு கை ஆப்பிளை அள்ளி என் பையில் போட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை.

மறுமொழி 1

நான் போனது முஹர்ரம் பத்தாம் நாள், நபியின் பேரன் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதற்குத் துக்கம் காக்கும் நாள். நீங்கள் பார்த்த ஊரா இது என்று கேட்பீர்கள், சந்தில் நிற்க இடமில்லை! தெஹ்ரானில் இருப்பவர்கள் குடும்பத்தோடு வந்துவிடுகிறார்கள். 'நக்ல்' என்று பிரமாண்டமான மரச்சட்டம், இமாம் ஹுசைனின் பாடையாகப் பாவித்துத் தோளில் சுமப்பார்கள். தூக்க அத்தனை தோள் வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் நகரத்து மனிதர், தோள் சிவந்து கன்றிப்போயிருந்தது, மாற்றிக்கொள்ளச் சொல்லியும் விடவில்லை. இவர்களும் அபியானே ஆட்கள்தான், ஆனால் கணக்கெடுப்பில் தெஹ்ரானில் எண்ணப்படுகிறவர்கள். அதனால் ஊரின் மக்கள்தொகை என்று அந்த 305-ஐ மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மறுமொழி 2

ஜனவரியில் ஓர் இரவு தங்கினேன். அந்தப் பாட்டி மாதிரி ஆட்கள் மட்டும் இருக்கும் காலம். நல்ல பனி. இருட்டியதும் எதிர்ச்சரிவில் நின்று விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணிப் பார்த்தேன், இரண்டு கை விரல்களே போதுமாக இருந்தன. விடிந்ததும் ஜும்ஆ பள்ளிவாசல் பக்கம் போனேன், 11ஆம் நூற்றாண்டு மரவேலை உள்ள பள்ளி. சந்துப் பனியில் எனக்கு முன்பே ஒருவர் நடந்திருந்தார். ஒரே ஒரு காலடித் தடம், பக்கத்திலேயே கைத்தடி ஊன்றிய குழிகள், பள்ளிவாசல் வாசல்வரைக்கும்.