மாமனார் மாமியார் கிறிஸ்மஸுக்குச் சென்னை வருகிறார்கள்: எதைச் செய்வது, எதை வாங்குவது?

மதுரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை, கணவருக்கு நாகர்கோவில் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. இரண்டு பேருக்கும் சென்னையில் வேலை, வேளச்சேரியில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறோம். கல்யாணமானதிலிருந்து கிறிஸ்மஸ் என்றால் ஊருக்குப் போய்விடுவோம். நாங்கள் போய் இறங்கும்போது வாசலில் ஸ்டார் தொங்கும், பலகாரம் எல்லாம் சுட்டு டப்பாவில் ஏறியிருக்கும், நான் உட்கார்ந்து சாப்பிடுவதோடு சரி. இந்த வருடம் மாமனாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி இங்கேயே டாக்டரிடம் காட்ட வேண்டியிருப்பதால் அவர்கள் இருவரும் 18-ஆம் தேதி வாக்கில் இங்கே வருகிறார்கள். புது வருடம் கழித்துத்தான் திரும்புவார்கள்.

மாமியார் நல்ல மாதிரிதான், "ஒண்ணும் செய்யாண்டாம் மக்களே, எல்லாம் வாங்கிக்கலாம்" என்று போனில் சொல்கிறார். ஆனால் அவர் குரலிலேயே தெரிகிறது, பலகாரம் சுடாமல் ஒரு கிறிஸ்மஸ் அவருக்குப் பண்டிகையாகவே இருக்காது என்று. எனக்கோ ஆபீஸில் வருடக் கடைசி வேலை, மகளுக்கு 23 வரை அரையாண்டுத் தேர்வு. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கலகலா, கேக் எல்லாவற்றையும் நான் செய்ய முடியாது என்பது தெளிவு. எதை வீட்டில் செய்தால் மரியாதை, எதை வாங்கினால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்?

இன்னும் இரண்டு விஷயம். வீடு வீடாக வந்து கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்குச் சபையிலிருந்து பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வருவார்களோ தெரியாது, அபார்ட்மெண்டில் எப்படிச் சமாளிப்பது? அப்புறம் தீபாவளிக்கு எங்கள் மாடியில் எல்லா வீட்டிலிருந்தும் பலகாரத் தட்டு வந்தது. திருப்பிக் கொடுக்கும்போது அவர்களில் பாதிப் பேர் முட்டை சாப்பிடாதவர்கள், என்ன வைப்பது?

---

நாஞ்சில் அக்கா:

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் முதல் கேள்விக்கும் ஒரே பதில்தான் தங்கச்சி: முந்திரிக்கொத்து. அதில் முட்டை கிடையாது, அக்கம்பக்கத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு வாரம் வரை கெடாது. சென்னைக் கடையில் கிடைப்பது வெறும் மாவு உருண்டை, எங்கள் ஊர் ஆள் ஒருவர் கடித்துப் பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அது ஒன்றை மட்டும் வீட்டில் செய்யுங்கள், மற்றது எதுவும் வேண்டாம்.

அரை கிலோ சிறுபயறை வாசம் வரும்வரை சிவக்க வறுத்து, மில்லில் கொஞ்சம் கொரகொரப்பாகத் திரித்து வைத்துவிடுங்கள், இதை டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிக்கலாம், மாவு டப்பாவில் கிடக்கும். ஒரு தேங்காயைத் துருவி நன்றாகச் சிவக்க வறுக்க வேண்டும், இங்கேதான் பலருக்கும் அவசரம், தேங்காயில் ஈரம் நின்றால் நாலு நாளில் சிக்குவாடை வந்துவிடும். எள் 50 கிராம், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. வெல்லமோ கருப்பட்டியோ 400 கிராம், உருக்கி வடிகட்டிக் கம்பிப் பதம் வந்ததும் சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறி உடனே உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். உருண்டைகளை ஒரு ராத்திரி அப்படியே விட்டால் கல் மாதிரி இறுகும், அப்போதுதான் எண்ணெயில் உடையாது. மறுநாள் பச்சரிசி மாவில் ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு சேர்த்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கி ஒட்டினாற்போலப் போட்டு எடுங்கள்.

சூட்டோடு உருட்ட இரண்டு கை போதாது. அதனால் திரிப்பது, வறுப்பது எல்லாம் நீங்கள் முன்னாடியே முடித்துவிட்டு, உருட்டுகிற வேலையை அவர்கள் வந்த பிறகு 20, 21 தேதியில் ஒரு சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் கால் நீட்டி நாற்காலியில் உட்கார்ந்துகூட உருட்டலாம், எங்கள் வீட்டில் ஆண்கள் உருட்டுவதுதான் வழக்கம், பேச்சும் நடக்கும். பாகு பதம் பார்க்கும் பொறுப்பை மாமியாரிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பதம் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

ரயில் டிக்கெட்டுக்குப் பயப்பட வேண்டாம். 24-க்கு முன்னால் கூட்டம் எல்லாம் சென்னையிலிருந்து தெற்கே போகும், புது வருடம் கழிந்ததும் வடக்கே வரும். உங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு தடவையும் எதிர்த்திசையில் போகிறார்கள். முட்டி ஆபரேஷன் ஆனவர் என்பதால் கீழ் பெர்த் மட்டும் பார்த்து எடுங்கள், முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறந்துவிடும்.

---

முத்துநகர்க்காரன்:

அக்கா சொன்ன முந்திரிக்கொத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் "மற்றது எதுவும் வேண்டாம்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கேக்கும் மக்ரூனும் இல்லாத தட்டு என்ன தட்டு? ஆனால் இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

மக்ரூனை வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித்தூள், மூன்றே பொருள்தான், கேட்க எளிதாக இருக்கும். வெள்ளைக்கருவைப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்து, கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் வெகுநேரம் காய வைக்க வேண்டும். எங்கள் ஊர் தூத்துக்குடி பேக்கரிகளில் அடுப்பின் சூடு தணியும்போது உள்ளே வைத்து விடிய விடிய விட்டுவிடுவார்கள். டிசம்பர் மாதக் காற்றில், அதுவும் கடலோரச் சென்னையில், வீட்டு அவனில் செய்தால் பிசுபிசுவென்று ஒட்டும். வாங்கி வந்ததையும் பிரித்து வெளியே வைக்காதீர்கள், வேண்டியதை எடுத்ததும் டப்பாவை மூடிவிட வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து பார்சல் வரவழைப்பதாக இருந்தால் 10-ஆம் தேதிக்குள் சொல்லி வைத்து 15-க்குள் கையில் வருகிற மாதிரி பாருங்கள். 20-க்கு மேல் எந்தக் கடையிலும் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். இன்னொரு காரணம் மழை. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பேய்மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அந்த வருடம் ஊரில் பாதி வீட்டில் மாவு, சர்க்கரை, மெத்தை எல்லாம் தண்ணீரில். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு எல்லோரும் வந்தார்கள், பலகாரம் பற்றி யாரும் பேசவே இல்லை. அதற்குப் பிறகு என் வீட்டில் கடைசி வாரத்துக்கு என்று எதையும் தள்ளி வைப்பதில்லை.

கேக் வாங்கும்போது முட்டை இல்லாத ஒன்றைத் தனியாக எழுதிக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். வாயால் சொன்னால் பண்டிகை நெருக்கடியில் எது எதில் போகும் என்று சொல்ல முடியாது.

---

மூன்றாம் மாடி:

நான் இந்து, சைவம், அபார்ட்மெண்ட் சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவன். கேரலைப் பற்றி அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. சண்டை வந்தால் புகார் கொடுப்பவர் கையில் பிடித்துக்கொள்வது இதைத்தான். கிட்டாரும் வாய்ப்பாட்டும் டிரம்மும் என்றால் பொதுவாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் 11 மணிக்கு டிரம் வேண்டாமே, தூங்கும் குழந்தைகள், பரீட்சைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் கொடுக்கும்போதே "எங்கள் வீட்டை முதல் இரண்டு வீட்டில் வையுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். ஏழு, ஏழரைக்கு வந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. லிப்டில் முப்பது பேர் ஏற முடியாது என்பதால் கீழே பார்க்கிங்கில் பாட வைத்து, மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் அங்கே கூப்பிட்டுவிடுங்கள். எங்கள் பிளாக்கில் அப்படித்தான், கிறிஸ்மஸ் தாத்தா மிட்டாய் கொடுத்ததும் எந்த வீட்டுக்காரரும் சத்தத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே நேரத்தைப் போட்டுவிடுங்கள், செக்யூரிட்டியிடமும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேட்டில் பத்து நிமிடம் விசாரணை நடக்கும்.

தட்டு விஷயத்தில் ஒரே வேண்டுகோள். கலந்து வைத்துவிட்டு "இதில் மட்டும் முட்டை" என்று சொல்லாதீர்கள், என் அம்மா அந்தத் தட்டையே தொட மாட்டார். முட்டை சேராததைத் தனி டப்பாவில் போட்டு மேலே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். அச்சுமுறுக்கு பார்க்க சைவமாகவே இருக்கும், அதிலும் முட்டை உண்டு என்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. முந்திரிக்கொத்து என்று அந்த அக்கா சொன்னது ரொம்பச் சரி.

---

குடில் கட்டுபவன்:

எல்லோரும் அடுப்படியிலேயே நிற்கிறீர்களே. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறதே, அவளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டாமா?

நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்குக் குடில், அதாவது இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தின் சின்ன மாதிரி, இல்லாமல் கிறிஸ்மஸ் கிடையாது. சிஎஸ்ஐ வீடுகளில் பெரும்பாலும் ஸ்டாரும் மரமும்தான், ஆனால் சின்னதாக ஒரு குடில் வைப்பதை இப்போது யாரும் வேற்றுமையாகப் பார்ப்பதில்லை. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் நிஜ மாடும் கழுதையும் வைத்து ஆரம்பித்த வழக்கம், எண்ணூறு வருடம் தாண்டிவிட்டது. அட்டைப்பெட்டி, கொஞ்சம் வைக்கோல், செம்மண் போதும். கேழ்வரகையோ நெல்லையோ ஒரு ராத்திரி ஊறவைத்துச் சிரட்டைகளில் மண் போட்டு டிசம்பர் 12, 13-இல் விதைக்கச் சொல்லுங்கள், 24-க்குள் புல்வெளி தயார். தினமும் தண்ணீர் தெளிப்பது அவள் பொறுப்பு, பரீட்சைக்குப் படித்த களைப்பில் ஐந்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு வருவாள். குழந்தை இயேசு சுரூபத்தை மட்டும் 24 ராத்திரிதான் வைக்க வேண்டும், அதுவரை ஒளித்து வையுங்கள், அதுதான் பிள்ளைகளுக்கு இதில் பெரிய விளையாட்டு.

ஸ்டார் பால்கனியில் கட்டும்போது வயர் இணைப்பு மழையில் நனையாத இடத்தில் இருக்கட்டும். இதை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

---

மதுரைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முந்திரிக்கொத்து வீட்டில், கேக்கும் மக்ரூனும் கடையில் என்று முடிவு. அச்சுமுறுக்கை மாமியார் ஊரிலிருந்தே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார், நான் கேட்கவே இல்லை, அவரே சொன்னார். மகள் இப்போதே சிரட்டை தேடுகிறாள். மூன்றாம் மாடி அண்ணா, எங்கள் செயலாளரிடம் பேசிவிட்டேன், 7.30-க்குப் பார்க்கிங்கில் பாட அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் சபையில் 25 அதிகாலை 4.30-க்கு ஆராதனை. முடிந்து வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும், மாமனாரை எப்படிக் கூட்டிப்போவது, காலைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

---

நாஞ்சில் அக்கா:

ஆப்பத்துக்கு 24 மத்தியானமே அரைத்துவிடு, சென்னையில் அவ்வளவு குளிர் இல்லை, ராத்திரிக்குள் பொங்கிவிடும், பெரிய பாத்திரமாக வை. கோழியை முந்தின ராத்திரியே குழம்பு வைத்து மூடிவிடு, காலையில் சூடு பண்ணினால் போதும், ருசியும் கூடும். நிறைய மசாலா போடாதே, அன்றைக்கு மத்தியானம் பிரியாணி வேறு இருக்கும்.

மாமனார் விஷயத்தில், சபையில் பின்வரிசை ஓரத்து நாற்காலி ஒன்றை முன்கூட்டியே சொல்லி வை, கிறிஸ்மஸ் அன்றைக்கு நாலு மணிக்கே இடம் நிரம்பிவிடும். அந்நேரத்துக்கு வண்டி கிடைப்பது கஷ்டம் என்பதால் சபைக்காரர் யாருடைய காரிலாவது ஏற்றிவிடு, கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். புதுச்சட்டை எடுத்துத் தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தால் இந்த வாரமே கொடு, 15-க்கு மேல் டெய்லர் வாங்கவே மாட்டார். வேஷ்டி என்றால் ஒட்டிக்கோ வேஷ்டி எடு, அவர் குனிந்து நிமிர வேண்டாம்.