கேம்ப் வோல்ட்டர்ஸ் கடிதம்: மாதம் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். பழைய உறைகள் சேகரிப்பவர்களிடம் ஓர் உதவி.

இரண்டாம் உலகப்போரின்போது, டெக்சஸின் கேம்ப் வோல்ட்டர்ஸ் காலாட்படைப் பயிற்சி முகாமிலிருந்து ஒரு சிப்பாய் மனைவிக்குப் பென்சிலில் எழுதிய நாலு பக்கக் கடிதம் கையில் இருக்கிறது. தேதி இருக்குமிடத்தில் 'செவ்வாய் இரவு, 14' மட்டும். அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் தெரிகிறது. மாதம், வருடம் அழிந்துவிட்டன.

அஞ்சல்தலை ஒட்டும் மூலையில் 'ஃப்ரீ' என்று கையெழுத்தில் இருக்கிறது; சிப்பாய்களுக்கு இலவச அஞ்சல் 1942 ஏப்ரலில்தான் வந்தது என்பதால் அதற்கு முந்தையது அல்ல. 'ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறது, இன்னும் பதினாறு வாரம்' என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் முதல் வாரம்தான் முடிந்திருக்கிறது, மொத்தம் 17 வாரம். 17 வாரப் பயிற்சி 1943-இன் நடுவில்தான் வந்தது. அந்த ஆண்டின் பிற்பாதியில் 14-ஆம் தேதி செவ்வாயாக வருவது செப்டம்பரிலும் டிசம்பரிலும்தான்; 1944-இல் மார்ச், நவம்பர். இந்த நான்கில் எது?

பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. பென்சில் அழுத்திய பள்ளம் தெளிவாகத் தெரிகிறது, முத்திரை மை தெரியவில்லை. 600 டிபிஐ வண்ண ஸ்கேனும் பலிக்கவில்லை. இன்ஃப்ராரெட் கேமரா வைத்திருப்பவர்கள் உண்டா? அதே முகாமின் 1943–44 உறை இருந்தால் முத்திரைப் படம் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உறையில் ராணுவ எண் 36-இல் தொடங்குகிறது: கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர், இல்லினாய்ஸ், மிச்சிகன், விஸ்கான்சின் பக்கம். 1973-இல் செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் அக்காலத் தரைப்படை ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துபோனதால், இந்த உறைதான் பெரிய சாட்சி.

இன்னொன்று: பக்கங்களைக் கோத்த குண்டூசி துருவேறித் தாளோடு ஒட்டியிருக்கிறது. இழுத்தால் கிழியும். இருபுறமும் மெல்லிய பாலியெஸ்டர் தாள் செருகி ஊசியை நெகிழ்த்தலாம் என்று நினைக்கிறேன். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.