புது பேட்டரி போட்டும் பேட்டரி லைட் எரியுது, எங்க இருந்து செக் பண்ண ஆரம்பிக்கிறது?

ரோட்டோரம்:
பெட்ரோல் வண்டி, கொஞ்சம் பழசு. சிக்னல்ல நிக்கும்போது மீட்டர்ல அந்த சிவப்பு பேட்டரி லைட் மங்கலா எரியுது, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டா நல்லாவே எரியுது, ஆக்சிலேட்டர் கொடுத்தா அணைஞ்சிடுது. பேட்டரி வீக்குன்னு சொன்னாங்கன்னு புதுசு மாத்தியாச்சு, கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடியும் அதே. காலைல செல்ஃப் இழுத்து இழுத்துதான் எடுக்குது. டெர்மினல் ரெண்டும் டைட்டாதான் இருக்கு. இப்படியே ஓட்டலாமா?

பழைய ஸ்பானர்:
சார்ஜ் ஒழுங்கா வரலன்னா எரியுற லைட் தலைவா அது, படம்தான் பேட்டரி படம். புது பேட்டரி போட்டதும் அதுல இருந்த சார்ஜ்ல கொஞ்ச நாள் ஓடிருக்கு, அவ்வளவுதான்.

முதல்ல பானெட்ட திறந்து டைனமோவ (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்) சுத்துற பெல்ட்ட பாருங்க, வெடிப்பு இருக்கா, லூஸா இருக்கா, லோடு போட்டா கீச்சுனு கத்துதான்னு. அப்புறம் ஒரு மல்டிமீட்டர எடுத்து பேட்டரி முனைல வோல்டேஜ் பாருங்க. வண்டி சில மணி நேரம் நின்ன பிறகு 12.6 கிட்ட இருந்தா ஃபுல் சார்ஜ், 12.2 வந்தா பாதிதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணதும் 13.8ல இருந்து 14.5க்குள்ள வரணும். 13க்கு கீழயே நின்னா சார்ஜ் ஏறல, 15 தாண்டுனா டைனமோவோட வோல்டேஜ் ரெகுலேட்டர் கன்ட்ரோல் பண்ணல.

ஓட்டுறத பத்தி கேட்டீங்க. லைட் விடாம எரிய ஆரம்பிச்சா ஏசி, ப்ளோயர் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு பக்கத்துல எங்கயாவது கொண்டு போயிடுங்க, நடுவுல இன்ஜின ஆஃப் பண்ணாதீங்க, திரும்ப எடுக்காம போகலாம். ஆனா லைட்டோட சேர்ந்து டெம்பரேச்சர் முள்ளும் ஏறுனா அப்பவே ஓரம் கட்டி ஆஃப் பண்ணுங்க. நிறைய வண்டில வாட்டர் பம்பும் அதே பெல்ட்லதான் ஓடுது, பெல்ட் அறுந்துட்டு ஓட்டுனா இன்ஜினே போயிடும்.

கியர்பாக்ஸ்:
இவ்வளவு எதுக்கு ப்ரோ, வண்டி ஓடும்போதே பேட்டரி நெகடிவ்வ கழட்டுங்க. வண்டி நின்னா டைனமோ அவுட், ஓடுனா ஓகே. எங்க ஆளுங்க காலங்காலமா இப்படித்தான் பார்ப்பாங்க.

ஒயர்மேன்:
தயவு செஞ்சு இத செய்யாதீங்க. கார்புரேட்டர் காலத்துல செஞ்சது அது. ஓடும்போது பேட்டரிய கழட்டுனா டைனமோ வோல்டேஜ் சட்டுனு எகிறும், இப்ப உள்ள வண்டில இசிஎம் (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போயிட்டா டைனமோவ விட பெரிய செலவு. மீட்டர் இருக்கும்போது எதுக்கு இந்த விஷப்பரீட்சை.

ரோட்டோரம்:
பார்த்துட்டேன் அண்ணே. நிக்கும்போது 12.2, ஸ்லோல ஓடும்போது 12.5, ஏசி லைட் எல்லாம் போட்டா 12 கிட்ட இறங்குது, ரேஸ் பண்ணா 14.1 வருது. பெல்ட் நல்லாதான் இருக்கு, சத்தமும் இல்ல.

ஒயர்மேன்:
பெல்ட்டும் சரி, ரேஸ் பண்ணா 14 வேற வருதுன்னா முழுசா சாகல. டைனமோ மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒயர பாத்துடுங்க. எல்லா லோடும் போட்டு இன்ஜின் ஓடும்போது மீட்டரோட ஒரு முள்ள டைனமோ பின்னாடி இருக்குற தடி ஒயர் போல்ட்லயும் இன்னொன்ன பேட்டரி பாசிடிவ்லயும் வைங்க, 0.2 வோல்டுக்கு மேல காட்டுனா அந்த ஒயர்லயோ ஃபியூஸ்லயோ தகராறு. அதே மாதிரி டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகடிவ்வுக்கும் நடுவுல பாருங்க, அது எர்த். அந்த போல்ட்ல எப்பவும் கரன்ட் இருக்கும், முள்ளு பாடில பட்டா பொறி பறக்கும், பெல்ட் கிட்ட கைய கொண்டு போகாதீங்க.

அப்படியே மீட்டர ஏசி வோல்டுக்கு (குளுகுளு ஏசி இல்ல) மாத்தி பேட்டரி முனைல பாருங்க. 0.5 தாண்டுனா டைனமோக்குள்ள ஏசி கரன்ட டிசியா மாத்துற டயோட் போயிருக்கலாம். டயோட் லீக் ஆனா வண்டி சும்மா நிக்கும்போதே ராத்திரியோட ராத்திரியா பேட்டரிய உறிஞ்சிடும்.

ரோட்டோரம்:
பாசிடிவ் பக்கம் 0.1, எர்த் பக்கம் அதுக்கும் கம்மி. ஏசி வோல்ட் 0.1 கூட வரல.

ஒயர்மேன்:
அப்ப கார்பன் பிரஷ் தேஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். டைனமோக்குள்ள சுத்துற ரோட்டருக்கு கரன்ட் கொடுக்குறதே அந்த குட்டி பிரஷ்தான், அது தேஞ்சு ஸ்பிரிங் அழுத்தமும் குறைஞ்சா ஸ்லிப் ரிங்ல (ரோட்டரோட சேர்ந்து சுத்துற வளையம்) சரியா உட்காராது, ஸ்லோல சார்ஜ் வராது, குழில விழுந்தா லைட் மின்னும். முழு டைனமோ மாத்தணும்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க, முதல்ல பிரித்து காட்ட சொல்லுங்க. நிறைய மாடல்ல பிரஷும் ரெகுலேட்டரும் ஒரே செட்டா தனியா கிடைக்கும். நீங்களே கழட்டுறதா இருந்தா பேட்டரி நெகடிவ்வ முதல்ல எடுத்துடுங்க.

ரோட்டோரம்:
ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரிச்சு காட்டுனார். ஒரு பிரஷ் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, ஸ்லிப் ரிங் பூரா கரி. அத சுத்தம் பண்ணி ரெகுலேட்டர் செட் மாத்துனார், பேரிங் நல்லா இருக்குன்னு விட்டுட்டார். இப்ப ஸ்லோல 14.2, எல்லா லோடும் போட்டா 13.8, லைட் போயே போச்சு. ரொம்ப நன்றி அண்ணே.

பழைய ஸ்பானர்:
சூப்பர். அந்த பேட்டரிய ஒரு தடவ வெளில சார்ஜர்ல போட்டு ஃபுல் பண்ணிடுங்க. பாதி சார்ஜ்லயே கிடந்தா பிளேட்ல சல்ஃபேட் படிஞ்சு புது பேட்டரியும் சீக்கிரம் போயிடும்.

புதுவண்டி:
நடுவுல ஒரு கேள்வி. என் வண்டி ஓடும்போது சில நேரம் 12.8தான் காட்டுது, ஆனா லைட் எரியல, இதுவும் பிரஷ்தானா?

ஒயர்மேன்:
புது மாடலா இருந்தா இசிஎம்மே மைலேஜுக்காக சார்ஜ குறைச்சு வைக்கும். ஹெட்லைட்ட போட்டுட்டு பாருங்க, 14 கிட்ட ஏறுச்சுன்னா பிரச்சனை இல்ல. ஏறலன்னா தனி இழை போடுங்க, ரீடிங்கோட.